ஒரு பலகைக் கிளிகள்

சென்ற பிரதோஷத்தன்று நந்தியெம்பெருமானுக்கு அபிடேகம் நிறைவுற்றபின், நாங்கள் ஐந்தாறு பேர் விருத்தாசலம் பெரிய கோயில் மண்டபத்துத் தூணருகில் அமர்ந்து பதிகம் பாடிக்கொண்டிருந்தோம். எதிரில் ஓர் இளம்பெண் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடி முடித்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் கண்ண மூடி உருகிப் பாடுறாங்க. நீங்க மட்டும் முழிச்சிப் பாத்துக்கிட்டே பாடுறீங்க. வீடியோவுல பாத்தா யாரையோ காவல் காக்கற மாதிரி இருக்குது."

உடனிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

"அதச் சொல்ல ஆரம்பிச்சா நடை சாத்திடுவாங்கம்மா. எழுதித் தரேன்" என்றேன்.

சொன்னபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ ஆண்டுகள் கழிந்துவிட்டன. எனினும் அந்த வியாழக்கிழமையை நினைத்த மாத்திரத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டி ஓடிய கால்களின் ஓட்டம், இப்போது மூட்டு வலிக்கும் இந்தக் கால்களில் மறுபடி ஏறுகிறது. ஆயினும் வரிசையாகச் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு விளங்கும்.

என் தாயும் தந்தையும் இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் இந்தப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசி, அவர்கள் ஒருநாளும் கண்டிராத நாட்டுக்கு என் பெற்றோரைத் 'திருப்பி' அனுப்பிவைத்தன. கப்பலில் வந்து இறங்கும்போது எனக்குப் பதினோரு வயது, தங்கைக்கு ஏழு, தம்பி அம்மாவின் இடுப்பில். கையில் ஒரு தகரப் பெட்டி. திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூர்தான் எங்கள் பூர்வீகம் என்று வழிவழியாகச் சொல்லப்பட்ட ஒரே செய்தியை நம்பி, அப்பா எங்களை அங்கே அழைத்துச் சென்றார். வீடு வீடாகப் பாட்டனார் பெயரைச் சொல்லிக் கேட்டார். மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. கப்பலில் உடன் வந்த ஒருவர், "விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கின்றன, ஆள் எடுக்கிறார்கள்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

இறங்கிய சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு ஓடினால், ஓடிய இடம் பெரிய கோயிலின் கோபுர வாசல். அப்பா தலையில் பெட்டியோடு நிமிர்ந்து, அங்கே எழுதியிருந்த அந்த ஊரின் பழந்தமிழ்ப் பெயரை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நின்றார். மறுபடி படித்தார். பெட்டியை மெல்லக் கீழே இறக்கினார்.

"பாப்பா," என்றார். "முதுகுன்று! நம்ம முதுகுன்று!"

அந்தப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், அட்டை கிழிந்த பதிகப் புத்தகம் ஒன்று இருந்தது. மார்கழி முழுவதும் தோட்டத்துக் கோயிலில் அப்பா அதைப் பார்த்துத்தான் பாடுவார். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதிப் புத்தகம் மனப்பாடம். அதிலே ஒரு பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு முதுகுன்று என்னும் ஊர் வரும். எனக்குத் தெரிந்த குன்றெல்லாம் தேயிலைக் குன்றுதான். ஆகவே முதுகுன்று என்பது மிகப் பழைய ஒரு தோட்டம் என்றும், அதன் உச்சியில், துரையின் பங்களா இருக்கவேண்டிய இடத்தில், இறைவன் வீற்றிருக்கிறான் என்றும் எண்ணியிருந்தேன். கடலுக்கு அப்பால் நின்று நாங்கள் பாடிய ஊர், மழைக்கு ஒதுங்கிய இடமாக வந்து வாய்த்தது! அன்று அடைந்த ஆனந்தத்தை இன்றைக்கும் என்னால் அளவிட முடியவில்லை. ஆனால் சுற்றிலும் பார்த்தேன். ஊர் தட்டுப்போலச் சமமாகக் கிடந்தது.

"குன்று எங்கப்பா?"

பக்கத்தில் கூடையோடு ஒதுங்கியிருந்த பூக்காரப் பெண்மணி முந்திக்கொண்டார். "குன்று சாமிக்குக் கீழ இருக்குது பாப்பா. எறங்கி உள்ள போயிடிச்சாம். நீ வர லேட்டு."

பீங்கான் கம்பெனி ஒன்றின் மேஸ்திரி, "நாளைக்குக் காலையில வாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். தோட்டத்தில் 'காலை' என்றால் ஆறு மணி, தப்புப் பறை முழங்கும், பெரட்டுக்களம் என்ற மைதானத்தில் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. வரிசை கலைந்தால் பேர் போய்விடும். ஆகவே அம்மா எங்களை இருட்டோடு எழுப்பிக் குளிப்பாட்டினாள். ஐந்தரைக்கெல்லாம் கம்பெனியின் பூட்டிய கேட்டின் முன்னால், அப்பா, அம்மா, நான், தங்கை என உயர வரிசைப்படி விறைத்து நின்றோம். பால் வாங்கப் போன வாட்ச்மேன் எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"என்னா இது, குரூப் போட்டோவா? கம்பெனி ஒம்போது மணிக்குத்தான்யா."

அப்பா தலையசைத்தார், நகரவில்லை. மூன்றரை மணி நேரம் நின்றோம். சைக்கிளில் வந்தவர்களெல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்பது மணிக்கு வந்த மேஸ்திரி, எல்லோரும் 'பாய்' என்றழைக்கும் மெலிந்த மனிதர், வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அல்லா! இந்த வரிசைக்கே வேல குடுக்கலாம்யா" என்றார். அம்மா அப்பா இருவருக்கும் கொடுத்தார்.

அப்படி மூன்று மாதம் நடந்தது. பிறகு ஒருநாள், களிமண் மூட்டை ஏற்றிய கைவண்டி சாய்ந்து அப்பாவின் முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடியது, மூட்டு மடங்கவில்லை. நின்று பாரம் தூக்க அவரால் இனி ஆகாது. அம்மாவுக்கோ கூட்டுவதும் தண்ணீர் சுமப்பதுமான சில்லறை வேலை. கூப்பிட்டால்தான் உண்டு, வாரத்தில் பாதி நாள் கூப்பிடமாட்டார்கள். ரயில் பாதையோரத்துக் குடிசையில், ரேஷன் மாவில் அம்மா தோட்டத்து வழக்கப்படி தட்டிச் சுடும் கனத்த ரொட்டி ஒன்றை நானும் தங்கையும் இழுத்துப் பங்கிடுவோம். பெரிய துண்டு யாருக்கு என்பதில் எங்களுக்குள் நடந்த வழக்குகளைத் தீர்க்க அரசாங்கமே வந்தாலும் ஆகியிருக்காது.

அந்த நாளில்தான் அம்மாவுக்கு அண்ணன் முறையான மாமா ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். எங்களுக்கு முந்திய கப்பலில் வந்து காலூன்றியவர். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல பெரிய எடம். கொழந்தையப் பாத்துக்கணும், அவ்வளவுதான். மூணு வேள சோறு. வருஷத்துக்கு ரெண்டு பாவாட. பெரியவள அனுப்புங்க."

"அவ ஸ்கூலுக்குப் போறாளே" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"அதனால என்னா? மாடி வூடு. ரோட்டுல போற ஸ்கூல் புள்ளைங்கள மேலேர்ந்து பாத்துக்கலாம்."

அப்பா மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அம்மாதான், "பதினஞ்சி நாள் குடுங்கண்ணே" என்றாள்.

"பதினஞ்சி நாள்ல மல பேந்து வந்துடுமா?"

"வந்தாலும் வரும்ண்ணே."

"சரி. அதுக்கடுத்த வெள்ளிக்கெழம காலையில வரேன். பொட்டி கட்டி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நம்பியிருந்தது ஓர் இடத்தை. கம்பெனியில் பொம்மைகளுக்குக் கிளேஸ் நனைக்கும் தொட்டியருகில் ஓர் இருக்கை காலியாகியிருந்தது. அது நிரந்தர வேலை; வாரம் முழுக்க உண்டு. அது அம்மாவுக்குக் கிடைத்தால் நான் இங்கேயே இருந்து படிப்பேன். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ரயில். இந்த இரண்டே வாக்கியங்களாக என் உலகம் சுருங்கியிருந்தது.

கிளேஸ் என்பது பாலைப்போல் கரைத்த ஒரு கலவை. ஒருமுறை சுட்ட வெள்ளைப் பொம்மையை அதில் முக்கி எடுத்து மறுபடி சுட்டால், அது உருகிக் கண்ணாடிபோல் மேலே படியும். அப்போது அங்கே கிளிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் கிளிகள். முக்கும்போது சாம்பல் நிறம். சூளையிலிருந்து வரும்போதுதான் பச்சை. சீக்கிரம் எடுத்தால் பூச்சு மெலிந்து பழுப்புத் திட்டாகும். தாமதித்தால் தடித்து, சூட்டில் வழிந்து, கிளி அடித்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் உள்ள நேரம் கண் இமைப்பதினும் சற்றே பெரியது.

அந்தத் தொட்டிக்கு அரசி ஒரு பெண்மணி. தலைமுறை தலைமுறையாகச் சட்டிபானை செய்த குடும்பத்தில் பிறந்து பீங்கானுக்கு வந்தவர். அம்மா அவரை 'அக்கா' என்பாள். நான் பெரியம்மா என்பேன். வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து எப்போது என்ன வரும் என்று சொல்லமுடியாது.

அம்மா அவரிடம் போய்க் கேட்டபோது, "டீத்தூள் கிள்ளுன கைக்கு பீங்கானு கேக்குதா?" என்றார். பிறகு அம்மாவின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கட்டைவிரல்களும் ஒரேபோல் தேய்ந்திருந்தன. "ரெண்டு கையிலயும் கிள்ளுவியா?"

"ஆமாங்கக்கா. ஒரு கையில கிள்ளுனா வவுறு நெறையாது."

"ம். சாப்பாட்டு நேரத்துல வா. ஒடஞ்ச கிளி கெடக்குது. நனைச்சிப் பழகு."

அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டதால், நண்பகலில் அம்மாவுக்கு ரொட்டி கொண்டுபோகும் சாக்கில் நானும் போனேன். முதல் நாளே ஒரு கூத்து. கொழுந்து கிள்ளுகிறவர்கள் கை நிறைந்ததும் தலைக்கு மேலே பின்பக்கமாக எறிவார்கள். முதுகில் தொங்கும் கூடையில் அது விழும். இருபது ஆண்டுப் பழக்கம். அம்மா ஒரு கிளியை அழகாக முக்கினாள், அழகாக எடுத்தாள், நிறைந்த மனத்தோடு தலைக்குமேல் எறிந்தாள்.

பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் சோற்றுத் தூக்கில் போய் அது விழுந்தது.

"அடியே!" பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கிளிக்குப் பறக்கவா கத்துக் குடுக்கற? பலகையில வைடி!"

அதற்குப் பிறகு அம்மா எதிரே போகும்போதெல்லாம் ஆண்கள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து ஓடுவார்கள்.

முக்கியமான தொல்லை வேறு. "தண்ணியில வுட்டதும் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணி எடு" என்று பெரியம்மா சொல்லிக்கொடுத்தார். எண்ணத் தொடங்கியதும் அம்மாவின் கை பதறியது. மூன்று வருமுன் ஒரு கை எழுந்துவிடும், மற்றது நின்றுவிடும். மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள், சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல், சுவரோரமாகக் குந்தி முதுகுன்றுப் பதிகத்தைப் பாடினேன். துள்ளி ஓடும் சந்தம் அது. பாட்டு ஓட, அம்மாவின் கைகளும் ஓடின. வலக்கை இறங்க இடக்கை எழ, இடக்கை இறங்க வலக்கை எழ, ஒரு கிளியும் தவறவில்லை. பெரியம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. கணக்கு பாட்டில் இருக்கிறது! ஒரு சீருக்குக் கை இறங்குகிறது, அடுத்த சீருக்கு எழுகிறது! முதுகுன்றத்து இறைவனான பழமலையப்பன் தன் பாட்டாலேயே எங்களைக் காக்கப் புறப்பட்டுவிட்டான், அதற்கு என் குரலைக் கருவியாகக் கொண்டான் என்று நான் துணிந்துவிட்டேன். அன்று முதல் நாள்தோறும் போனேன், பாடினேன். வீட்டில் தங்கையிடம் கொஞ்சம் மிடுக்காகவும் நடந்துகொண்டேன் என்பதை இறைவன் மன்னிப்பானாக.

விடுமுறை முடியும் வாரத்துத் திங்கட்கிழமை மேஸ்திரி பாய் சோதனை வைத்தார்.

"ஒரு பலகை. அறுபது கிளி. மூணு வரைக்கும் போனாப் போவட்டும். நாலாவது கெட்டுச்சின்னா தொடப்பத்த எடுத்துக்கிட்டுப் பழைய வேலைக்குப் போயிடணும். சரியாம்மா?"

"சரிங்க பாய்."

கம்பெனியே கூடிவிட்டது. வண்ணம் தீட்டுகிறவர்கள், அச்சில் ஊற்றுகிறவர்கள், வாட்ச்மேன், எல்லோரும். தூக்கில் கிளி விழுந்தவர் தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். என்னைப் பார்த்தாள். நான் பாடத் தொடங்கினேன்.

கோயிலில் பாடுவதுபோல் கண்ணை மூடித்தான் பாடினேன். அதுதான் பக்தி என்று அப்போதைய எண்ணம். காதில் நீரின் ஒலி கேட்டது. சளக், சளக், சளக், சளக். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டு பறந்தது. மூன்றாம் பாட்டிலும் ஊர்ப்பெயர் வந்தது. வழக்கமாக அதை ஒரே தட்டில் தட்டிவிட்டு ஓடவேண்டும். அப்போது நெஞ்சில் ஓர் எண்ணம் குத்தியது: வெள்ளிக்கிழமை ரயில் ஏறிவிட்டால் இந்த ஊர்ப்பெயரை இந்த ஊரில் நின்று இனிப் பாடுவேனா? அவ்வளவுதான். குரல் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது, நீட்டியது, விருத்தம்போல் இழைத்தது. துள்ளி ஓட வேண்டிய பாட்டு நடந்தது. பிறகு நின்றே விட்டது. எவ்வளவு நேரம் அப்படி உருகினேனோ, தெரியாது. கண்ணைத் திறந்தபோது அம்மா நான்காம் வரிசையை முடித்துக்கொண்டிருந்தாள்.

 மூன்றாவது வரிசையும் நான்காவது வரிசையும் என் மெதுவான பாட்டுக்கு நனைந்தவை! இருபது கிளிகள்! அத்தனையும் தடித்து வழியப்போகின்றன! மீதிப் பாட்டை வெறிபிடித்தவள்போல் விரைவாகப் பாடி முடித்தேன். பலகையில் சாம்பல் நிறக் கிளிகள் பத்துப் பத்தாய் ஆறு வரிசை நின்றன. பெரியம்மா குனிந்து, ஒவ்வொன்றின் அருகிலும் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார். 

"என்னாக்கா?" என்றாள் அம்மா.

"என்னக் கேட்டா? சூளையக் கேளு."

பாய் தம் கையாலேயே அறுபதையும் வரிசை மாறாமல் சூளைத் தட்டுகளில் அடுக்கினார். மறுநாள் நெருப்பு. அதற்கு மறுநாள் ஆறவேண்டும். வியாழன் மாலை நான்கு மணிக்குப் பிரிப்பு.

அந்த மூன்று நாளும் நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை. 'உன் ஊர்ப்பெயரை நீட்டியதற்காகவா என்னை இந்த ஊரைவிட்டு அனுப்புவாய்?' என்று பழமலையப்பனோடு வழக்காடினேன். அம்மாவோ அமைதியாக ரொட்டி தட்டினாள். அப்பா பதிகப் புத்தகத்தைப் பழைய துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் என் பாவாடைகளுக்கு இடையில் வைத்தார். 

வியாழக்கிழமை! பள்ளி திறந்திருந்தது. கடைசி மணி அடித்ததும் பையை மார்போடு கட்டிக்கொண்டு ஓடினேன். ரயில் கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று தன் பெட்டிகளையெல்லாம் ஒன்றொன்றாக எனக்குக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்று நகர்ந்தது. அது போனதும் குனிந்து நுழைந்து ஓடினேன். கம்பெனி வாசலில் அப்பா கம்பை ஊன்றி நின்றிருந்தார். வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் அந்தக் காலோடு நடந்தே வந்திருந்தார்.

சூளையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் எடுக்க எடுக்க வெப்பக்காற்று முகத்தில் அடித்தது. பாய் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் தட்டை வெளியே இழுத்தார்.

பச்சை! அப்படி ஒரு பச்சையை நான் கடலுக்கு அப்பால்தான் பார்த்திருந்தேன். மழை நின்று வெயில் பட்ட தேயிலைக் கொழுந்தின் பச்சை, சுடச்சுடப் பத்துக் கிளிகளாக வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"மொத வரிச" என்றார் பாய். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மூக்குல பழுப்பு. ஒண்ணு போச்சி."

இரண்டாம் வரிசை பழுதில்லை. மூன்றாம் வரிசைக்கு அவர் கை நீளும்போது நான் அப்பாவின் வேட்டியைப் பற்றிக்கொண்டேன். ஒன்றை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இரண்டை எடுத்தார். மூன்று. ஏழு. பத்து. எல்லாம் ஒரேபோல் மின்னின. நான்காம் வரிசை, பத்தும் நன்று! எனக்கு ஒன்றும் புரியவில்லை; புரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஐந்தாம் வரிசையில் ஒரு கிளி தட்டோடு ஒட்டியிருந்தது. "ரெண்டு" என்றார் பாய். ஆறாம் வரிசையில் எட்டுக் கிளிகள் நன்றாக வந்தன. மீதி இரண்டு, இறக்கையோடு இறக்கை சேர்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒன்றாய் ஒட்டிப்போயிருந்தன.

பாய் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மூணு, நாலு" என்றார் தாழ்ந்த குரலில். "சொன்னது சொன்னதும்மா. நாலு போச்சி."

 அப்பாவின் கம்பு தரையில் நழுவியது.

"இருங்க பாய்." பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இப்படிக் குடுங்க. பாருங்க நல்லா. பூச்சு வழிஞ்சிருக்குதா? இல்ல. மெலிசா இருக்குதா? இல்ல. பச்சையில கொற உண்டா? சொல்லுங்க."

"ஒட்டிக்கிச்சே!"

"பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒட்டாம ஊட்டுக்கா போவும்? இது நனைச்ச குத்தமா, அடுக்குன குத்தமா?"

"அடுக்குன குத்தம்தான்..."

"அடுக்குனது யாரு?"

 வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். அதன்பின் அந்தக் கொட்டகையே அதிர்ந்தது. பாய் சாக்குத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் காதுகள் சிவந்துபோயிருந்தன.

"என் கைதாம்மா. என் குத்தம்தான். ரெண்டே ரெண்டுதான் போச்சி." ஒட்டிய கிளிகளை அம்மாவிடம் நீட்டினார். "இத நீயே வெச்சிக்க. நாளையிலேர்ந்து தொட்டிக்கு வந்துடு. ஒம்போது மணிக்கு வாம்மா, அஞ்சர மணிக்கு வந்து வரிசையில நிக்காத!"

பெரியம்மா அம்மாவின் தோளில் ஓர் இடி இடித்தார். "வந்து எம் பக்கத்துல ஒக்காரு. பின்னாடி மட்டும் எறியாத."

அப்பா அழுதார். நான் குதித்தேன், உண்மையாகவே, இரண்டு காலும் தரையில் படாமல் குதித்தேன்.

வீடு திரும்பும் வழியில், ரயில் பாதையோரம், எனக்குத் தாங்கவில்லை. அப்பா பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். மூணாவது வரிசையில பாட்ட இழுத்துட்டேன். நாலாவதுலயும்."

"எந்தப் பாட்ட?"

"நீ நனைக்கும்போது பாடுனேனே! மெதுவாப் பாடிட்டேன். எப்படிக் கெட்டுப்போவல?"

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அரும்பியது.

"பாட்டுக்கு எவளாவது கொழுந்து கிள்ளுவாளா? நீ பாடுனது தெரியும். வேகமாப் பாடுனியா மெதுவாப் பாடுனியான்னு யாரு பாத்தா? தண்ணி குடிச்சதும் கிளி கனம் மாறுது புள்ள. கட்ட வெரலுக்குத் தெரியும், கொழுந்து முத்துனா தெரியற மாதிரி. அப்ப எடுத்துடுவேன்."

"அப்ப நான் எதுக்குப் பாடுனேன்?"

அம்மா நடந்துகொண்டே சொன்னாள். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறப்ப இந்தக் கிளி கெட்டா உன்ன அனுப்பிடுவாங்கன்னு நெனப்பு ஓடுது. கை நடுங்கிடுது. உன் கொரலு கேட்டுச்சின்னா, நீ இங்கதான் இருக்கேன்னு இருக்கும். வேற எதுவும் தெரியாது."

பதினோரு வயதில் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். என் பாட்டால் கிளிகள் பிழைக்கவில்லை! பிறகு, அடுத்த தந்திக் கம்பத்தை நெருங்குவதற்குள், அந்த ஏமாற்றம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அம்மாவின் கைகளை எண்ணிப் பார்த்தேன். என் பாட்டு ஓடியபோதும் நின்றபோதும், தம் வேகம் மாறாமல் இறங்கி எழுந்துகொண்டிருந்த கைகள். அந்தத் திருக்காட்சியை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தும், கண்ணை மூடிக்கொண்டு தவறவிட்டேன். அன்றிலிருந்து நான் பாடும்போது கண்ணை மூடுவதில்லை. படம் பிடித்த அந்தப் பெண்ணுக்கு என் விடை இதுதான். எதிரில் யார் கை எப்படி இயங்குகிறதோ, எதைப் பார்க்கத் தவறிவிடுவேனோ என்று இன்றும் விழித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வந்தபோது நான் வீட்டில் இல்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து என்னைத் தூக்குவதற்கு ஒரு பட்டாளம் வேண்டியிருக்கும். நடந்ததை மாலையில் தங்கைதான் நடித்துக் காட்டினாள். அப்பாவின் கம்பை எடுத்துக் குடைபோல் இடுக்கிக்கொண்டு மாமாவானாள். முந்தானை இல்லாத பாவாடையில் முந்தானையைச் செருகிக்கொண்டு அம்மாவானாள்.

"பொட்டி கட்டியாச்சா?" என்றாராம் மாமா.

"டீ குடிங்கண்ணே. எனக்கு ஒம்போதுக்கு வேல. பொறப்படணும்."

"பொண்ணு எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"அப்ப நான் அந்த வூட்டுல என்னா சொல்றது? வெறுங்கையோடவா போவறது?"

அம்மா உள்ளே போனாளாம். பாய் கொடுத்த அந்தக் கிளிகளைக் கொண்டுவந்து, மாமாவின் இரண்டு கையும் விரியச் சொல்லி, அதில் வைத்தாளாம்.

"இதக் குடுங்கண்ணே அந்தக் கொழந்தைக்கு. பாத்துக் கொண்டுபோங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி. பிரிச்சா ரெண்டுமே ஒடஞ்சிடும்."